தொட்டியைக் காட்டு

பெரியவன் வேலை மாறி வெளிநாடு போனபோது மீன் தொட்டியைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனான். கொஞ்ச நாளைக்குத்தான், அதற்குள் நல்ல ஆளாகப் பார்த்து ஏற்பாடு செய்துவிடுகிறேன் என்றான். தூக்கி வந்த ஆட்கள் எங்கே இறக்குவது என்று மூச்சு வாங்கக் கேட்டார்கள். ஹாலில் இடமில்லை. சின்னவளின் வேலை மேஜை அங்கே பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது. பல் செட் செய்யும் லேப் ஒன்றில் அவள் காலையில் வேலை பார்த்தாள். முடியாத வேலையை மத்தியானம் வீட்டுக்குக் கொண்டு வந்து முடிப்பாள். மேஜையில் பிளாஸ்டர் தாடைகள் வாயைப் பிளந்தபடி வரிசையாகக் கிடக்கும். அதனால் தொட்டி அம்மாவின் அறைக்குள் போனது. கட்டிலுக்கு எதிரே, ஜன்னலுக்குப் பக்கத்தில்.

"அம்மாவுக்கும் பொழுது போகும்ல," என்றான் பெரியவன்.

அம்மா படுக்கையில் விழுந்து அப்போது ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒருநாள் காலையில் குளியலறையில் சரிந்தவள்தான், வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சு திரும்பி வந்தது, ஆனால் பழைய பேச்சாக வரவில்லை. ஓய்வு பெறும்வரை டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவள் அவள். குரலை வைத்துப் பிழைத்தவள். இப்போது வார்த்தைகள் வாயின் ஒரு ஓரமாக வழுக்கி விழுந்தன. அதில் அவளுக்கு வெட்கம். யாராவது பார்க்க வந்தால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரியவன் வீடியோவில் கூப்பிடுவான். அன்று விடிந்ததிலிருந்தே அம்மாவுக்குப் பரபரப்பு. தலை வாரிவிடு, பவுடர் போடு, இந்த நைட்டி வேண்டாம் நீலத்தை எடு என்று சின்னவளை ஒரு வழி பண்ணிவிடுவாள். தலையணையை உயர்த்தி உட்கார வைத்த பிறகு உதட்டை மட்டும் அசைத்து அசைத்து ஏதோ முணுமுணுப்பாள். சின்னவள் ஒருநாள் குனிந்து காது கொடுத்துக் கேட்டாள். "சாப்பிட்டியாப்பா, சாப்பிட்டியாப்பா" என்று ஒத்திகை நடந்துகொண்டிருந்தது.

போன் வரும். பெரியவனின் முகம் தெரிந்ததும் முதல் வார்த்தை, "தொட்டியக் காட்டு."

சின்னவள் காட்டுவாள். "இன்னும் கிட்ட. பெரிய ஏஞ்சல் எங்க? துடுப்பு கிழிஞ்ச மாதிரி இருக்கே. ஃபில்டர் சத்தம் வேற மாதிரி கேக்குது, கழுவுனியா இல்லையா?" அந்த ஏஞ்சல் மீன்களை அவன் பொடிக் குஞ்சிலிருந்து வளர்த்தவன். விசாரணை எல்லாம் முடிந்து, "சரி, அம்மா எப்படி இருக்காங்க?" என்பான். சின்னவள் போனைக் கட்டில் பக்கம் திருப்புவாள்.

"சாப்பிட்டியாப்பா?"

"சாப்பிட்டேம்மா. உடம்பப் பாத்துக்கோங்க. இங்க ஒரு வேலை இருக்கு, அடுத்த வாரம் பேசறேன்."

அவ்வளவுதான். இருட்டிப்போன திரையை அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு, "லைன் கட்டாயிடுச்சு," என்பாள். லைன் கட்டாவதற்கும் ஆள் போனை வைப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவளுக்குத் தெரியாதா என்ன. சின்னவள் பவுடர் டப்பாவை எடுத்து வைப்பாள்.

ஜன்னல் வெயில் நேராக விழுந்ததில் தொட்டியின் கண்ணாடி பச்சை பிடிக்கத் தொடங்கியது. சின்னவள் சுரண்டிச் சுரண்டிப் பார்த்தாள். சுரண்டிய கை காய்வதற்குள் பாசி திரும்பி வந்தது. பெரியவனுக்கு அதைப் பார்த்ததும் எரிச்சல்.

"ஜன்னல மூடி வை."

"அந்த ரூம்ல அது ஒண்ணுதான் ஜன்னல் அண்ணா. அம்மாவுக்கு வெளிச்சம் வேணாமா?"

"அப்ப திரையாவது போடு. மீன் என்ன பாசிக்குள்ள கண்ணாமூச்சி ஆடவா?"

"போடு, போடு," என்றாள் அம்மா கட்டிலிலிருந்து. "எனக்கு எதுக்கு வெளிச்சம்."

சின்னவள் திரை போடவில்லை. அடுத்த வாரமும் கண்ணாடி பச்சையாகவே இருந்ததைப் பார்த்துவிட்டு, அவனே அங்கிருந்து நத்தைக்கு ஏற்பாடு செய்தான்.

மீன் கடைக்காரர் நேரில் கொண்டு வந்தார். தண்ணீர் விட்டுக் காற்று ஊதிக் கட்டிய பை. அடியில் சுண்டுவிரல் நகம் அளவில் நத்தைகள், ஒரு கைப்பிடி. மஞ்சள் ஓட்டில் கறுப்புக் கறுப்பாக வரி. "நெரைட்னு பேரு. செடியக் கடிக்காது, மீன்கிட்ட வம்புக்குப் போகாது. பாசி மட்டும்தான் சாப்பாடு," என்றார். "ஒரே ஒரு விஷயம். கவுந்து விழுந்துட்டா திருப்பி விட்டுடுங்க. தானா நிமிர முடியாது."

அதுவரை தூங்குவதுபோல் கிடந்த அம்மா கண்ணைத் திறந்தாள். "நிமிர முடியாதா?"

"கஷ்டம்மா. ஓடு கனம்."

"அப்ப நம்ம ஆளுதான்," என்றாள் அம்மா.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வெளியாள் ஒருவர் முன்னால் அவள் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

மீன்களை அவள் ஒருநாளும் ரசித்ததில்லை. அவை அங்குமிங்கும் அலைவது தலையைச் சுற்றுகிறது என்பாள். நத்தைகள் அப்படி இல்லை. கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, அவள் பார்வை தொடரக்கூடிய வேகத்தில் நகர்ந்தன. கண்ணாடியின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அவற்றின் வாய் தெரிந்தது. திறந்து, மூடி, திறந்து, மூடி, பாசியை வழித்துக்கொண்டே போகும். போன வழியெல்லாம் சுத்தமான கோடு. நத்தையின் நாக்கில் ஆயிரக்கணக்கில் பல் இருக்கிறது, தேயத் தேயப் புதிதாக முளைக்கும் என்று சின்னவள் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்.

"அப்ப உன் பொழப்பு அதுங்ககிட்ட நடக்காது," என்றாள் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெரியவன் தொட்டியைக் காட்டச் சொன்னபோது அம்மா முந்திக்கொண்டாள். "வலது மூலைய முடிச்சிட்டாங்கப்பா. இப்ப நடுவுல வேலை நடக்குது. ஒருத்தன் மட்டும் ராத்திரியெல்லாம் தண்ணிக்கு மேல ஏறி மூடிய ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கான். வேலை செய்யாம டிமிக்கி."

பெரியவன் சிரித்தான். "அப்படியாம்மா? எந்த ஓரத்துல?"

போனைக் கட்டில் பக்கமே வைத்திருக்கும்படி ஆயிற்று. எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று சின்னவள் பார்க்கவில்லை. அவள் சமையலறையில் கஞ்சியை ஆற்றிக்கொண்டே கேட்டாள். வழுக்கி விழுகிற அந்தப் பேச்சில் ஒரு வார்த்தையைக்கூட அண்ணன் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. கவனமாகக் கேட்டால் எல்லாம் புரியத்தான் செய்கிறது போலும்.

அதன்பின் அம்மாவுக்கு வாரம் முழுக்க ஒரே வேலை. பார்ப்பது, சேர்த்து வைப்பது. எது கவிழ்ந்தது, எது எதன் முதுகில் ஏறிச் சவாரி செய்தது, எது மீனின் வாலில் இடித்துக்கொண்டது. பகலில் துணைக்கு வரும் அக்காவை அதட்டி, கவிழ்ந்ததைத் திருப்பி விடச் சொல்வாள். சின்னவள் வேலையிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் ஒருமுறை ஒப்பித்துவிட்டு, "அவன்கிட்ட நீ சொல்லிடாத. நான் சொல்லிக்கறேன்," என்பாள். சில வாரம் ஒன்றும் நடந்திருக்காது. அப்போது கொஞ்சம் கைச்சரக்கு சேர்ப்பாள். ரெண்டு நத்தைக்குள் சண்டை என்பாள். ஒன்று கோபித்துக்கொண்டு ஃபில்டருக்குப் பின்னால் போய் ஒளிந்தது என்பாள்.

சின்னவளுக்கு ஒரு பக்கம் நிம்மதி. அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டாள். இன்னொரு பக்கம் வயிறு எரிந்தது. முதுகில் புண் வராமலிருக்க அம்மாவைப் பொழுதுக்கும் புரட்டிப் படுக்க வைப்பது அவள், துணி மாற்றுவது அவள், ஊட்டுவது அவள். அவளுக்குக் கிடைப்பதெல்லாம், "மெதுவா திருப்பக்கூடாதா, நான் என்ன மூட்டையா?" ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே வாயில் சர்க்கரை.

ஒருநாள் தொட்டிக்குள் கிடந்த மரத்துண்டின் மேல் எள்ளைத் தூவினதுபோல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. அம்மா அதை ஞாயிறுவரை பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். "முட்டை வச்சிருக்குப்பா. மரம் முழுக்க."

"அது பொரிக்காதும்மா. உப்புத் தண்ணி வேணும் அதுக்கு. நல்ல தண்ணியில சும்மா வச்சுக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். அசிங்கமா இருக்கு, அவளச் சுரண்டிப் போடச் சொல்லுங்க."

சின்னவள் சுரண்ட வந்தபோது அம்மா விடவில்லை. "கிடந்துட்டுப் போகட்டும். யாருக்கு என்ன இடைஞ்சல்," என்றாள்.

அதற்குக் கொஞ்ச நாள் கழித்து மீன்களுக்குச் சீக்கு வந்தது. உடம்பெல்லாம் உப்புத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. பெரியவன் பதறிப்போனான். ஞாயிறு என்ன திங்கள் என்ன, தினமும் போன். காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. தொட்டியைக் காட்டு, கிட்டக் காட்டு, மூச்சு எப்படி வாங்குது பாரு. அப்படியே அம்மாவிடமும் ரெண்டு வார்த்தை. அம்மாவின் முகத்தில் அந்த நாட்களில் ஒரு களை வந்திருந்தது. காலையில் கண் விழித்ததும் கேட்பாள்: "மீனுக்கு இன்னும் சரியாகலதானே?"

கடைக்காரர் மருந்து பாட்டிலைக் கொடுக்கும்போதே எச்சரித்தார். "இதுல தாமிரம் இருக்கு. மீன் பொழைச்சிடும். நத்தை ஒண்ணுகூட மிஞ்சாது." சின்னவள் அதை அண்ணனிடம் சொன்னாள்.

"செத்தா சாகட்டும். கடையில கிடைக்காத பொருளா? வேணும்னா அப்புறம் வாங்கிப் போட்டுக்கலாம். முதல்ல மருந்த ஊத்து."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். அவன் வைத்த பிறகு, "அவன் சொல்றபடி செய்," என்றாள்.

"உனக்கு அதுங்க வேணாமா?"

"அவன் தொட்டி. அவனுக்குத் தெரியாதா?"

அம்மாவின் கண்ணோரத்து ஈரம் காதை நோக்கி இறங்கியது. அவளால் ஒரு கையால்தான் துடைக்க முடியும். அந்தக் கையையும் தூக்கவில்லை. சின்னவள் போய் ஒரு பிளாஸ்டிக் பேசினைக் கழுவி, தண்ணீர் நிரப்பி வந்து, நத்தைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியிலிருந்து பிடுங்கிப் போட ஆரம்பித்தாள். ஒவ்வொன்றும் விடமாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது.

"அவனுக்குத் தெரியாம செய்யற," என்றாள் அம்மா.

"ஆமா."

சின்னவள் அடுத்த நத்தையைப் பிடுங்கினாள். பிறகு, "மூடிக்கு அடியில ஒருத்தன் இருப்பான், பாரு," என்றாள் அம்மா.

மீன்கள் பிழைத்தன. தினமும் வந்த போன் ஞாயிற்றுக்கிழமைக்குத் திரும்பியது. பிறகு சில ஞாயிறு விட்டுப்போனது. தொட்டியின் கல்லிலும் ஓரப் பசையிலும் மருந்து ஊறியிருக்கும், நத்தைகளை இனி அதில் விடவே கூடாது என்றார் கடைக்காரர். பேசின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் நிரந்தரமாக உட்கார்ந்தது. அவர் கொடுத்த சின்ன மோட்டார் அதில் காற்றை ஊதியது.

பேசினில் பாசி இல்லை. நத்தைகள் சுற்றிச் சுற்றி வந்தன, அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள். வேகவைத்த காய் போட்டுப் பார்த்தார்கள், ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஒன்று ஓட்டுக்குள் சுருங்கி நாறத் தொடங்கிய பிறகு சின்னவளுக்கு ஒரு யோசனை வந்தது. லேபில் பல்லை ஒட்டும் சிமென்ட் குழைக்கும் தடித்த கண்ணாடித் தட்டுகள் கீறல் விழுந்தால் குப்பைக்குப் போகும். அவற்றைக் கேட்டு வாங்கி வந்து, பால்கனி வெயிலில் ஒரு வாளித் தண்ணீருக்குள் சாய்த்து வைத்தாள். பச்சை பிடித்ததும் ஒன்றை எடுத்துப் பேசினில் வைப்பாள். நத்தைகள் வழித்த தட்டைத் திரும்ப வாளிக்குள் போடுவாள். நத்தைகள் தட்டில் ஏறியதும் அம்மா பெருமூச்சு விட்டாள். தானே சாப்பிட்டு முடித்தவள் மாதிரி.

பெரியவன் ஒருநாள் செய்தி அனுப்பினான். தொட்டியை ஒருவர் எடுத்துக்கொள்கிறார், ஆள் அனுப்புவார், கொடுத்துவிடு.

வந்தவர் ஒரு கண் டாக்டர். தன் கிளினிக்கில் நோயாளிகள் காத்திருக்கும் இடத்தில் வைக்கப் போகிறாராம். நல்ல மனிதர். ஆட்கள் தண்ணீரை இறைக்கும்போது அம்மாவின் கட்டிலருகே நின்று வணக்கம் சொன்னார்.

"உங்க பையன் அங்கேயே வீடு வாங்கிட்டாராமே. ரொம்ப சந்தோஷம். இனிமே இந்தப் பக்கம் வர்ற மாதிரி இல்ல, தொட்டி எதுக்கு சும்மா கிடக்கணும்னு சொன்னார்."

சின்னவள் கையிலிருந்த துணியைப் பிழிவதை நிறுத்தினாள். அம்மா மட்டும் தலையை ஆட்டி, "ஆமாங்க," என்றாள்.

அவர்கள் போன பிறகு அறை பெரிதாகத் தெரிந்தது. ஃபில்டரின் ஓசை நின்றதில் ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது.

"எனக்குத் தெரியாதும்மா. சத்தியமா எங்கிட்ட சொல்லல."

"எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"எத்தனை வருஷம் ஊரார் பேசறத காதுல மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். வர்ற ஆள் குரல் வேற, வராத ஆள் குரல் வேற."

"அப்ப ஏன் நீ கேக்கல?"

"கேட்டா அவன் பொய் சொல்லணும்."

அந்த ஞாயிறு பெரியவன் கூப்பிட்டான். தொட்டி பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டான். போய்விட்டது என்றாள் சின்னவள். வேறு காட்ட ஒன்றுமில்லாததால் போனை நேராக அம்மாவிடம் நீட்டினாள்.

"அப்புறம் என்னம்மா விசேஷம்?"

பக்கத்திலேயே பேசின் இருந்தது. காலையில்தான் புதுத் தட்டு வைத்திருந்தது. நத்தைகள் அத்தனையும் அதில் மேய்ந்துகொண்டிருந்தன. சொல்லு என்று சின்னவள் கண்ணால் ஜாடை காட்டினாள். அம்மா பேசினைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லப்பா. இங்க ஒரு வேலை இருக்கு. அடுத்த வாரம் பேசலாம்," என்றவள், போனை வாங்கிக்கொள் என்று சின்னவளுக்கு விரலைக் காட்டினாள்.

அதன் பிறகு அவள் பவுடர் கேட்கவில்லை. பெரியவன் கூப்பிட்டால் தூங்குகிறாள் என்று சொல்லச் சொன்னாள். அவனும் எழுப்பச் சொல்லவில்லை. நத்தைகளைப் பற்றி மட்டும் விசாரணை குறையவில்லை. சின்னவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே உள்ளேயிருந்து குரல் வரும்: "தட்டு மாத்தினியா?" வந்தவள் தண்ணீர்கூடக் குடித்திருக்க மாட்டாள். நீ சாப்பிட்டாயா என்று ஒருநாள் கேட்பாள் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். அது அவளுக்கே சிரிப்பாக இருந்தது.

அம்மாவுக்குச் சளி பிடித்து நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில், இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு காலையில் சின்னவள் வேலைக்குக் கிளம்பும்போது அம்மா ஏதோ கேட்டாள். குரல் காற்றாக இருந்தது. பக்கத்தில் போய்க் கேட்டாள்.

"தட்டு மாத்தினியா?"

"மாத்திட்டேம்மா," என்றாள். மாற்றவில்லை. நேரமாகியிருந்தது, வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். லேபில் மெழுகை உருக்கிக்கொண்டிருக்கும்போது பகல்துணை அக்காவின் போன் வந்தது.

பெரியவன் வந்தான். அழுதான். உண்மையாகவே அழுதான், அதில் சந்தேகமில்லை. காரியங்கள் எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போன பிறகு, அம்மாவின் அறையில் காலிக் கட்டிலின் ஓரமாக உட்கார்ந்து தங்கையைப் பார்த்தான்.

"கடைசியா என்ன சொன்னாங்க? என்னைப் பத்தி ஏதாவது?"

அவள் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். அண்ணனுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சொல்வதற்கு ஒரு வினாடி போதும். வாய் வரவில்லை.

"தட்டு மாத்தினியான்னு கேட்டாங்க."

"எந்தத் தட்டு?"

"நத்தைக்கு."

அவன் பேசினைப் பார்த்தான். ஸ்டூலில் அது இன்னும் இருந்தது. ரெண்டு நத்தைதான் மிச்சம். அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"இந்த நேரத்துலகூட என்னைக் குத்தணும் உனக்கு. நீ எப்பவுமே இப்படித்தான்."

"உன்னைப் பத்தி ஒண்ணும் சொல்லல அண்ணா. என்னைப் பத்தியும் ஒண்ணும் சொல்லல."

அவன் எழுந்து பால்கனிக்குப் போனான். மறுநாளோ அதற்கு மறுநாளோ கிளம்பிவிட்டான். ஏர்போர்ட்டுக்கு வண்டி ஏறும்போது உடம்பைப் பார்த்துக்கொள் என்றான்.

சின்னவள் அந்த ரெண்டு நத்தையையும் ஈரத் துணியில் சுற்றி, பல் செட் வைத்துக் கொடுக்கும் டப்பா ஒன்றில் போட்டுக்கொண்டு, வேலைக்குப் போகும் வழியில் மீன் கடைக்கு எடுத்துப் போனாள். கடைக்காரர் துக்கம் விசாரித்துவிட்டு டப்பாவைத் திறந்தார்.

"பரவாயில்லையே, இவ்வளவு நாள் வச்சிருந்திருக்கீங்க. பேசின்ல யாரும் இப்படி வளத்ததில்ல." பின்வரிசையில் பச்சையேறிக் கிடந்த ஒரு தொட்டியில் அவற்றை விட்டார். "அண்ணனும் வந்திருந்தாரே. அங்க புது வீட்டுல பெரிய தொட்டி வைக்கப் போறாராம். என்ன நத்தை போடலாம், எத்தனை போடலாம்னு எல்லாம் கேட்டார்."

"எப்ப வந்தார்?"

"போன வாரம். நீங்க எல்லாரும் வீட்டுல இருந்தப்பதான். ரொம்ப நேரம் உக்காந்து பேசிட்டிருந்தார். அம்மா நத்தையப் பத்திச் சொன்ன கதையெல்லாம் சொன்னார். ரெண்டு நத்தை சண்டை போட்டுக்கிட்டு, ஒண்ணு கோவிச்சுக்கிட்டு ஃபில்டருக்குப் பின்னால போய் ஒளிஞ்சிடுச்சாமே. சொல்லிச் சொல்லிச் சிரிச்சார். கண்ணெல்லாம் தண்ணி அவருக்கு."

அந்தச் சண்டை நடக்கவே இல்லை. அதை அம்மா கட்டிச் சொல்லும்போது சின்னவள் அறை வாசலில் கஞ்சிக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள்.

"ஆமா," என்றாள் கடைக்காரரிடம். "சண்டை போட்டுச்சு."

டப்பாவைக் கழுவித் தரட்டுமா என்று அவர் கேட்டார். வேண்டாம், லேபில் நிறைய இருக்கிறது என்று சொல்லிவிட்டு, நேரமாகிவிட்டதால் வேகமாக நடந்தாள்.